மயில் தட்டில் தெரிந்த முகம்

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், மஹாலட்சுமி ஓடிப்போய் ஜிகினா டப்பாவுக்குள் இரண்டு விரலை விட்டுக்கொள்வாள். முந்தானையை இழுத்துச் செருகி, காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தவள் போல முகத்தில் ஒரு களைப்பை வரவழைத்துக்கொண்டு கதவைத் திறப்பாள். "வாங்க, வாங்க. இப்பதான் கை கழுவலாம்னு எழுந்தேன்" என்பாள். வந்தவர்கள் மினுங்கும் அந்த விரல்களைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். பின்னறையில் பசை காயாத கைகளோடு உட்கார்ந்திருக்கும் ரேணுகாம்பாளுக்குச் சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாக இருக்கும்.

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், மாடி வீட்டு வாசலில் 'மஹா ஆர்ட்ஸ்' என்று பலகை தொங்கியது. நிச்சயதார்த்தம், கல்யாணம், வளைகாப்பு எல்லாவற்றுக்கும் ஆரத்தித் தட்டும் சீர்வரிசைத் தட்டும் அலங்கரித்துக் கொடுப்பது தொழில். பலகையில் பெயர் இருந்ததே தவிர, மஹாலட்சுமி ஒரு தட்டைக்கூடச் செய்ததில்லை. ஒரே ஒரு முறை ஆசைப்பட்டு ஓர் அன்னம் செய்து பார்த்தாள். வந்த ஓர் அம்மாள் அதைப் பிள்ளையார் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதோடு அந்த ஆசை ஒழிந்தது.

எல்லாம் ரேணுகாம்பாளின் கைவேலை. ஆனால் அவள் புருஷன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. தாலியறுத்தவள் கைபட்ட தட்டில் மணப்பெண்ணுக்கு ஆரத்தி சுற்ற யார் ஒப்புவார்கள்? அதனால் அவள் பின்னறையில், அவள் அண்ணன் பெண்டாட்டி மஹாலட்சுமி முன்னறையில். அண்ணன் எத்திராஜ் பெரும்பாலும் டீக்கடையில். கூரியர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு 'புரொப்ரைட்டர்' ஆகியிருந்தான். தங்கச்சிக்குத் தான் சோறு போடுவதாக அந்த டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் தின்கிற வடையும் அவள் ஒட்டுகிற முத்துமணியிலிருந்துதான் வருகிறது என்பது அவனுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் சொல்லக் கூச்சமில்லாத ஜன்மம்.

ரேணுகாம்பாளுக்கு ஒரே ஆசைதான். ஒரு தடவையாவது முன்னறைக்குப் போய், வந்தவர்கள் முகத்தைப் பார்த்து, "இது நான் செஞ்சது" என்று சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் கேட்டும் பார்த்தாள். "நீ வெளிய வந்தா ஆர்டர் உள்ள வராது" என்றான் எத்திராஜ். ஏதோ பெரிய வியாபார சூத்திரத்தைக் கண்டுபிடித்தவன் போல அதையே இரண்டு முறை சொல்லிக்கொண்டான்.

2009ஆம் வருஷம், ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால், மஹாலட்சுமியின் தம்பி இளமாறன் மடிக்கணினியோடு வந்து இறங்கினான். கேளம்பாக்கம் பக்கம் ஏதோ கால் சென்டரில் வேலை. கழுத்தில் தொங்கும் ஆபீஸ் அட்டையை ஞாயிற்றுக்கிழமைகூடக் கழற்றாதவன்.

"மாமா, உங்க பிசினஸுக்கு ஃபேஸ்புக்ல ஒரு பேஜ் வேணும். ஆர்குட்லாம் பழசு. எங்க ஆபீஸ்ல கல்யாணம் ஆகப்போற பொண்ணுங்க அவ்ளோ பேரும் இதுலதான் கீறாங்க" என்றான்.

எத்திராஜுக்குப் புரிந்தது போஸ்டர் சமாச்சாரம் மட்டும்தான். தாம்பரம் மேம்பாலம் முழுக்கக் கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸ் பேனர்களில் ஒன்றாக அதை நினைத்துக்கொண்டான். "நடுவுல நானு. கூலிங் கிளாஸ் போட்டுகினு செல்லுல பேசறா மாதிரி. கீழ வட்டம் வட்டமா நம்ம ஆளுங்க மூஞ்சி. கவுன்சிலர் படத்த மேல போட்ரு, இல்லாங்காட்டி பேஜார் பண்ணுவாரு" என்றான்.

"மாமா, இது ஃப்ளெக்ஸ் இல்ல. தட்டு படம் போடணும்."

"தட்டையும் போடு. ஓரமா."

பேசிப் பேசிக் கடைசியில் மஹாலட்சுமி பட்டுப்புடவை கட்டி, தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து ஸ்டூடியோவில், மடியில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு எடுத்த படம் என்று முடிவாயிற்று. அந்தப் படத்தில் அவள் தட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். யாரும் கவனிக்கவில்லை. பின்னறையில் இருந்தவள் மட்டும் கவனித்தாள், சொல்லவில்லை.

அப்புறம்தான் சிக்கல் வந்தது. பேஜ் தொடங்க வேண்டுமானால் யாராவது ஒருவர் பேரில் கணக்கு வேண்டும். எத்திராஜ் பின்வாங்கினான். கம்ப்யூட்டரில் பேர் ஏறினால் இன்கம்டாக்ஸ்காரன் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று எவனோ சொல்லியிருந்தான். மஹாலட்சுமி அதற்கும் மேலே போனாள்.

"பொம்பள பேர அதுல போட்டா கண்ட பொறுக்கியும் ஃபிரெண்டு ஆவறியான்னு கேப்பானாமே! குடும்பத்துல கீறவடா நான்."

இளமாறன் தலையைச் சொறிந்தான். "அப்ப உள்ள கீற ரேணுகாம்பாள் அக்கா பேர்ல போட்டுக்கலாம். அட்மின் பேரு வெளிய தெரியாது. அவங்களுக்கு இன்னா, யாரு கேக்கப் போறா?"

"ஆமா, அவளுக்கு இன்னா" என்றான் எத்திராஜ்.

சுவருக்கு இந்தப் பக்கம் ரேணுகாம்பாளின் கை நின்றது. கெடுவதற்கு மஹாலட்சுமிக்குப் பேர் இருக்கிறது, இவளுக்கு அதுகூட இல்லை என்று மூன்று பேரும் ஒரு நொடியில் ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய் அந்த மடிக்கணினியைத் தூக்கித் தெருவில் எறியலாமா என்று இருந்தது. எறியவில்லை. முன்னறைக்கு அவர்களே கூப்பிடுகிறார்களே, போய்த்தான் பார்ப்போம் என்று கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, ஒரு பாஸ்வேர்டு போடுங்க. யார்ட்டயும் சொல்லாதீங்க, மறக்கவும் மறக்காதீங்க" என்றான் இளமாறன்.

அந்தக் காலத்தில் டைப்ரைட்டிங் லோயர் முடித்தவள் அவள். விரல்கள் மறந்திருக்கவில்லை. செத்துப்போன புருஷனின் பேரை அடித்தாள். திரையில் அது வரிசையாக வெறும் புள்ளிகளாய் விழுந்தது. அந்த வீட்டில் அவளுடைய டிரங்குப் பெட்டிச் சாவிகூட அண்ணியின் இடுப்பில்தான் தொங்கியது. அவள் மட்டும் திறக்கிற மாதிரி ஒன்று அவள் கைக்கு வந்தது அன்றைக்குத்தான். கொடுத்த மூன்று பேருக்கும் எதைக் கொடுத்தோம் என்று தெரியவில்லை.

இளமாறனின் உற்சாகம் எப்போதும் போல ஒரு வாரத்தில் தீர்ந்தது. பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றை வைத்துவிட்டுப் போனவன், அப்புறம் போனில் "ஃபேன்ஸ் எவ்ளோ?" என்று கேட்பதோடு சரி. வேலை முழுக்க ரேணுகாம்பாள் தலையில் விழுந்தது. அதைத் தலையில் விழுந்ததாக மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பகல் வெளிச்சத்தில் மொட்டைமாடிக்குத் தட்டுகளைக் கொண்டுபோய்ப் படம் எடுப்பாள். கேம்ப் ரோட்டில் ஜலால் பாய் வைத்திருந்த பிரௌசிங் சென்டரில் போய் உட்கார்ந்து ஏற்றுவாள். யாராவது "சூப்பர்" என்று எழுதினால் மஹா ஆர்ட்ஸ் என்ற பேரில் அவளே நன்றி சொல்வாள். அந்த நன்றிகளுக்காகவே வீட்டு வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு ஓடினாள்.

ஆர்டர் வரத் தொடங்கியது. டீக்கடையில் எத்திராஜின் குரல் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. "மார்க்கெட்டிங் நம்ம கையில கீது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் கையில் இருந்தது டீ கிளாஸ்.

பரணி என்கிற பெண் வந்தது அப்படித்தான். ஐ.டி. கம்பெனிக்காரி. முடிச்சூரில் நிச்சயதார்த்தம். தட்டுகள் ஒவ்வொன்றைப் பற்றியும் பேஜில் எழுதிக் கேட்டாள். மயில் ஒன்று வேண்டும், தண்ணீர்மேல் நிற்கிற மாதிரி வேண்டும் என்றாள். ரேணுகாம்பாள் யோசித்தாள். தட்டின் அடியில் வட்டக் கண்ணாடி பதித்து, கரையில் பச்சைக் கல்லை ஒட்டி, நடுவில் மயிலை நிறுத்தினாள். கழுத்து வளைவு வரும்வரை நாலு தடவை பிய்த்துப் போட்டாள். அதைப் படமெடுத்து ஏற்றியபோது பரணி எழுதினாள்: 'இவ்வளவு அழகாக யாராலும் செய்ய முடியாது. உங்கள் கைக்கு முத்தம்.' அதை ஜலால் பாய் கடையில் உட்கார்ந்து எத்தனை தடவை படித்தாள் என்று அவளுக்கே கணக்கில்லை. முத்தம் எந்தக் கைக்கு வந்ததோ அந்தக் கையின் விரலையே திரையில் ஓட்டிப் படித்தாள், அது போதுமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் வெடித்தது. மாப்பிள்ளையின் அக்கா பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். வேறு வேலை என்ன? கீழே எழுதியிருந்தாள்: 'கண்ணாடியில் தெரிகிற பெண் யார்? நெற்றியும் கழுத்தும் காலியாக இருக்கிறதே?' அதற்குப் பின்னாலேயே மாப்பிள்ளையின் அம்மா எத்திராஜுக்குப் போன் போட்டாள். சாயங்காலம் நேரில் வருகிறேன், செய்கிறவளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

"எட்றீ அந்தப் படத்த!" என்று எத்திராஜ் குதித்தான்.

"வேணும்னே போட்டுக்கிறா. பொறாம" என்றாள் மஹாலட்சுமி.

அவள் வேண்டுமென்று போடவில்லை. மயிலைப் பார்த்தாளே தவிர, கண்ணாடியை அவள் பார்க்கவேயில்லை. ஓடிப்போய் ஜலால் பாய் கடையில் திறந்து பார்த்தாள். மயிலின் காலடியில், தண்ணீர் என்று அவள் நினைத்த இடத்தில், அவள் முகம் இருந்தது. கேமராவைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, உதட்டோரத்தில் நாக்கை மடித்து, ஊரே இடிந்தாலும் தெரியாத ஒரு கவனத்தோடு குனிந்திருந்தாள். வேலையில் இருக்கும்போது தன் முகம் இப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. நன்றாயிருந்தது. மனசு நிறைந்து போயிற்று. படத்தை நீக்காமலே எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் மந்திராலோசனை நடந்துகொண்டிருந்தது.

"கிறிஸ்டியன் பொண்ணு, பேரு ஹில்டா, சம்பளத்துக்கு வர்றான்னு சொல்லிடலாம். அவங்கள்ல பொட்டு வைக்க மாட்டாங்க" என்றாள் மஹாலட்சுமி.

"அந்தம்மா அதுக்கும் மொறைச்சுகினா? சாமி காரியம்னுவாங்க."

"அப்ப நீயே சொல்லு. புரொப்ரைட்டரு!"

எத்திராஜ் யோசித்தான். அவன் யோசித்து உருப்பட்ட காரியம் அதுவரை ஒன்றும் இல்லை. எழுந்து குளியலறைக்குப் போனான். அங்கே கண்ணாடி ஓரத்தில் மஹாலட்சுமி ஒட்டி வைத்திருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை நகத்தால் பெயர்த்து எடுத்துக்கொண்டு வந்து தங்கச்சி முன்னால் நீட்டினான்.

"இத்த ஒட்டிக்க. கழுத்துல ஒரு மஞ்சக்கயிறு போட்டுக்க. மாப்ள துபாய்ல கீறாருன்னு நான் சொல்லிக்கிறேன். குளிச்சிட்டு வந்ததால அன்னிக்கு பொட்டு இல்லன்னு சொல்லு. அரை மணி நேரம்தான், அவங்க போனதும் எட்த்துடலாம்."

ரேணுகாம்பாள் அவன் விரல் நுனியைப் பார்த்தாள். புருஷனின் கருமாதியன்று, சுற்றி நின்ற பெண்கள் அவள் நெற்றியைத் தொடத் தயங்கி நின்றார்கள். சின்ன வயசு, பாவம் என்று ஒருத்தி முணுமுணுத்தாள். "மொறைன்னா மொறைதான். அழிங்க" என்று பந்தலுக்குள்ளிருந்து சொன்னவன் இவன்தான். அன்றைக்கு இவனுக்கு ஊர் வாய் பெரிதாக இருந்தது. இன்றைக்கு ஓர் ஆர்டர் பெரிதாக இருக்கிறது. அவள் புருஷன் எப்போது சாக வேண்டும், எப்போது துபாயில் உயிரோடு இருக்க வேண்டும் என்பதை இவன்தான் முடிவு செய்வானாம். இவ்வளவு அற்பமான ஆளோடா ஒரே வயிற்றில் பிறந்தோம் என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பொட்டை வாங்கித் தன் கட்டைவிரல் நகத்தில் ஒட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, பரணி, பரணியின் அம்மா. மஹாலட்சுமி இந்தத் தடவை முழங்கைவரை ஜிகினா பூசியிருந்தாள். முன்னறை மேஜையில் மயில் தட்டு நின்றது. ரேணுகாம்பாளும் நின்றாள். நெற்றி காலி, கழுத்தும் காலி. எத்திராஜ் கண்ணால் ஜாடை காட்டிக் காட்டிக் களைத்துப் போனான்.

"இவங்கதானே படத்துல இருந்தது?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

எத்திராஜ் முந்திக்கொண்டான். "என் தங்கச்சிங்க. சும்மா ஒத்தாசைக்கு. மாப்ள துபாய்ல கீறாரு. இப்பதான் குளிச்சிட்டு..."

"எங்க வீட்டுக்காரர் துபாய்ல இல்லைங்க" என்றாள் ரேணுகாம்பாள். "செத்துட்டாரு. ஆறு வருஷம் ஆவுது. இந்த மயிலு, மத்த தட்டு, இதுக்கு மின்ன இந்த வீட்டுலருந்து போன தட்டு, எல்லாம் நான் செஞ்சது. அண்ணி கையில கீறது வெறும் ஜிகினா, துடைச்சா பூடும்."

மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள். ஏதோ தீட்டு ஒட்டிக்கொண்டதுபோல் புடவையை உதறினாள். "இத மறைச்சு இத்தன கல்யாணத்துக்குக் கொடுத்திருக்கீங்களே! வாங்கினவங்க கதி என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"எல்லாரும் நல்லாத்தான் கீறாங்க. போன வாரம் நம்மகிட்ட வளைகாப்புத் தட்டு வாங்கின ஒரு பொண்ணு தனக்குப் புள்ள பொறந்துக்குதுன்னு பேஜ்லயே படம் போட்டுது. பாக்கறீங்களா?"

அந்த அம்மாள் படியிறங்கினாள். பரணியின் அம்மா சம்பந்தியின் பின்னால் ஓடினாள். பரணி மட்டும் செருப்பு மாட்டுகிற சாக்கில் பின்தங்கினாள். கைக்கு முத்தம் கொடுத்தவளாயிற்றே, ஏதாவது சொல்வாள் என்று ரேணுகாம்பாள் நினைத்தாள்.

சொல்லத்தான் சொன்னாள், மாடிப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டே. "சாரிக்கா. எனக்கு இதுல நம்பிக்கையெல்லாம் இல்ல. ஆனா அத்தைக்குத் தெரியக்கூடாது. தட்டையெல்லாம் வேற யாராவது கடை பேர் போட்டு அனுப்பி வைக்க முடியுமா? யாருக்கும் தெரியாது."

"அழகா கீதுன்னு எழுதினியே, யாருக்கு எழுதின?"

"உங்களுக்குத்தான்கா."

"அப்ப என் பேர் சொல்லி எட்த்துகினு போ. அதுக்குத் துப்பு இல்லன்னா கெளம்பு."

பரணி கிளம்பினாள். படித்த படிப்பும் கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையும் அவளோடு சத்தமில்லாமல் படியிறங்கின.

எத்திராஜ் அப்போதுதான் வாயைத் திறந்தான். தொழிலைக் கெடுத்துவிட்டாள், குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாள், சோறு போட்ட கையைக் கடித்துவிட்டாள் என்று அடுக்கிக்கொண்டே போனான். ரேணுகாம்பாள் காதில் வாங்கவில்லை. மேஜைக்குப் போய், மயில் தட்டின்மேல் குனிந்தாள். கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நகத்திலிருந்த பொட்டை எடுத்துப் புருவ நடுவில் வைத்து அழுத்தினாள். ஆறு வருஷத்துக்கு அப்புறம் அந்த இடத்தில் ஒரு பொட்டு ஏறியது.

மஹாலட்சுமி வாயைப் பிளந்தாள். எத்திராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. "அவங்கதான் பூட்டாங்களே. இன்னாத்துக்கு இப்ப பொட்டு?"

"நீ சொன்னப்ப அது அவங்களுக்கு. இது எனக்கு."

கேமராவை எடுத்தாள். மயிலின் காலடியில் தெரிந்த தன் முகத்தை, இந்தத் தடவை வேண்டுமென்றே, நேராகப் பார்த்துப் படம் பிடித்தாள்.

"அந்த பாஸ்வேர்டு இன்னா? மருவாதியா சொல்லு!"

"உன் மாப்ள பேருதான். துபாய்ல கீறாரே, போய்க் கேட்டுக்க" என்றாள். எத்திராஜுக்கு அந்தப் பேரை ஆங்கிலத்தில் எழுத வராது என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஜலால் பாய் கடைக்குப் போனதும் முதல் வேலையாக அதை மாற்றினாள். அப்புறம் தட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்த பட்டுப்புடவையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் போட்டாள். கீழே எழுதினாள்: 'இங்குள்ள தட்டுகள் அனைத்தும் செய்தவர் ரேணுகாம்பாள். கணவரை இழந்தவர். வேண்டாம் என்பவர்கள் வர வேண்டாம்.'

வேண்டாம் என்றவர்கள் நிறையப் பேர். ரசிகர்கள் என்று சேர்ந்தவர்களில் பாதிப் பேர் அந்த வாரமே கழன்றுகொண்டார்கள். போன் வாயே திறக்கவில்லை. எத்திராஜ் தினமும் காலையில் எழுந்ததும் "வந்துச்சா? எவனாச்சும் வந்தானா?" என்று கேட்டுவிட்டுத்தான் பல் துலக்கினான். கூரியர் கம்பெனியில் பழைய வேலையைத் திரும்பக் கேட்டுப் பார்ப்பதாக ஒரு பேச்சும் வீட்டில் அடிபட்டது. ரேணுகாம்பாளுக்குப் பயம் இல்லாமலில்லை. தப்பு செய்துவிட்டோமோ என்று படுக்கையில் இரண்டொரு தடவை நினைத்ததுண்டு. எழுந்தால் பொட்டை ஒட்டிக்கொண்டு முன்னறையில்தான் உட்கார்ந்தாள். பின்னறைக்கு வேலையை எடுத்துப் போகவே இல்லை.

புரட்டாசி போய் ஐப்பசி பிறந்த பிறகு ஒரு நாள் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. மஹாலட்சுமி பழக்கதோஷத்தில் ஜிகினா டப்பாவிடம் ஓடினாள்.

"ஒக்காரு அண்ணி" என்று சொல்லிவிட்டு, பசை காயாத கையோடு ரேணுகாம்பாள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். வெளியே ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் நின்றிருந்தார்கள். அம்மாவின் நெற்றியும் காலியாக இருந்தது.

"பேஜ்ல பார்த்துட்டு வர்றோம். பொண்ணு கல்யாணம். நான் வரலாமான்னு யோசிச்சேன், இவதான் இழுத்துகினு வந்தா" என்றாள் அந்த அம்மாள். "இங்க ரேணுகாம்பாள்றது..."

"நான்தான். உள்ள வாங்க. தட்டெல்லாம் நான் செஞ்சதுதான்" என்றாள் ரேணுகாம்பாள்.